பக்கத்து அறையில் பயிற்சி மருத்துவர்: கேள்வி-பதில்

குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்களைத் தங்கள் கிளினிக்கில் வைத்திருக்கும் டாக்டர்கள் கேட்டவை இவை. கடைசிக் கேள்வி மட்டும் பயிற்சி மருத்துவர் ஒருவருடையது.

ஒவ்வொரு நோயாளிக்கும் என் கதவைத் தட்டுகிறார். என் நோயாளிகள் வெளியே காத்திருக்கிறார்கள். என்ன செய்வது?

தட்டாதே என்று சொல்லிவிடாதீர்கள். தட்டும்போது ஒரு பதிலோடு வரச் சொல்லுங்கள். "42 வயசு, நாலு மாசமா தலைவலி, என்ன கொடுக்கட்டும்?" என்று வந்து நிற்கிறார். நீங்கள் மருந்தின் பெயரைச் சொன்னால் அரை நிமிடத்தில் முடியும். அடுத்த தலைவலிக்கும் வந்து நிற்பார். மாறாக, "நீங்க என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். டென்ஷன் தலைவலி என்பார். "எதை வச்சுச் சொல்றீங்க?" இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது, வாந்தி இல்லை, கண்ணுக்குள் பார்த்தேன், பார்வை நரம்பில் வீக்கமில்லை. நன்றாகவே பார்த்திருக்கிறார், அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் விட்டுப்போன ஒன்று: "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடுறாங்க?" பாராசிட்டமால் மாதிரி சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியைத் தரலாம். அன்றைக்கு இந்த ஒரு பாடம் போதும்.

கேள்விகளின் இந்த வரிசையை 'ஒன் மினிட் பிரிசெப்டர்', அதாவது ஒரு நிமிடப் பயிற்சியாளர், என்பார்கள். நேஹரும் சக மருத்துவர்களும் 1992-ல் எழுதியது. ஒரு நிமிடம் என்பது பேராசை, மூன்று நான்கு ஆகும். அதனால் மூன்று நோயாளிக்கு ஒருமுறை அவர் பட்டியலிலும் உங்கள் பட்டியலிலும் ஒரே நேரத்தில் ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். அவசரமில்லாத சந்தேகங்கள் அதுவரை காத்திருக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், துவண்டு கிடக்கும் குழந்தை என்றால் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எங்களிடம் இருப்பவர் நேர்மாறு. எதையுமே கேட்பதில்லை. திறமைசாலி என்று விட்டுவிடலாமா?

கேட்காதவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நேற்றைய பட்டியலிலிருந்து ஒரு நோயாளியின் குறிப்பை நீங்களே எடுங்கள். அவரை எடுக்கச் சொன்னால் நன்றாக அமைந்ததைத்தான் கொண்டுவருவார். "வயிற்றுவலி, கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி), ஆன்டாசிட் (அமிலம் குறைக்கும் மருந்து)" என்று இருக்கிறதா? குற்றம் தேட வேண்டாம், இப்படிக் கேளுங்கள். இவருக்கு 65 வயது என்றால்? எடை குறைந்திருந்தால்? மாதவிடாய் தள்ளிப்போன பெண் என்றால்? எந்த இடத்தில் பதில் தடுமாறுகிறதோ அங்கே தொடங்குங்கள். எப்போது திரும்பி வரச் சொன்னார் என்பதையும் கேளுங்கள். "சரியாகலைன்னா வாங்க" என்பது போதாது. எந்த அறிகுறி வந்தால், எத்தனை நாளில், எங்கே போக வேண்டும் என்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய டாக்டரைத்தான் பார்ப்பேன் என்று நோயாளிகள் அடம்பிடிக்கிறார்கள்.

பாதிப் பிரச்சினை வரவேற்பு மேசையில் இருக்கிறது. "டிரெயினிதான் இருக்காங்க, பரவாயில்லையா?" என்று கேட்டால் யார் சம்மதிப்பார்கள்? "இவரும் டாக்டர்தான், குடும்ப மருத்துவத்தில் மேற்பயிற்சி எடுக்கிறார், தேவைப்பட்டால் பெரிய டாக்டரும் வந்து பார்ப்பார்" என்று சொல்லட்டும். பயிற்சியில் இருப்பதை மறைக்கக் கூடாது. அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது நோயாளியின் உரிமை.

ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

முதல் சில வாரம் 30 நிமிடம். பிறகு 20, 15 என்று ஆளைப் பார்த்துக் குறையுங்கள். அவசரப்படுத்தினால் முதலில் வெட்டுப்படுவது நோயாளியின் பேச்சு. பெக்மேனும் ஃப்ராங்கெலும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருக்கிறார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது கஷ்டம்.

வயிற்றுப்போக்குக் கிருமி என்று நான் வீட்டுக்கு அனுப்பியவருக்கு மறுநாள் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். தூக்கமே வரவில்லை.

இன்றே உங்கள் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், அவர் வேறு யார் வழியாகவும் தெரிந்துகொள்ள வேண்டாம். பழைய குறிப்பில் ஓர் எழுத்தையும் திருத்தாதீர்கள். கூடுதலாக எழுத வேண்டியிருந்தால் இன்றைய தேதியிட்டுத் தனியாக எழுதுங்கள். அப்புறம் இருவருமாக நோயாளியிடம் பேசுங்கள். நலம் விசாரியுங்கள், நடந்ததை மழுப்பாமல் சொல்லுங்கள்.

அப்பெண்டிக்ஸ் தொடக்கத்தில் தொப்புளைச் சுற்றிய வலி, வாந்தி என்று வந்து ஏமாற்றக்கூடியது. அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தது எது, மறுநாள் தெரியவந்தது எது என்று பிரித்துப் பாருங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்களா, வலி வலப்பக்கம் கீழே நகர்ந்தால் உடனே வரச் சொன்னீர்களா என்பதுதான் கேள்வி.

மனதை விட்டுப் போகாத நோயாளியைப் பற்றிச் சக மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசும் பாலின்ட் குழுக்கள் 1950-களில் லண்டனில் தொடங்கியவை. அருகில் இருந்தால் சேருங்கள். தூக்கமின்மை நீடித்தால் நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்கள். அது உங்கள் பயிற்சியாளராக இருக்கக் கூடாது. உங்களுக்கு மதிப்பீடு எழுதுபவரே மருந்தும் எழுதுவது இருவருக்கும் நல்லதல்ல.