எஞ்சின் இல்லாமல் மணிக்கு 134 கிலோமீட்டர்

கேள்வி: பிரிட்டனைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் கய் மார்ட்டின், 2014-இல் அந்தோரா நாட்டுப் பனிமலையில் ஸ்லெட்ஜ் எனப்படும் சறுக்கு வண்டியில் மணிக்கு 134 கி.மீ. வேகத்தை எட்டிச் சாதனை படைத்தார் என்று படித்தேன். எஞ்சினே இல்லாத வண்டியில் வடிவமைப்பதற்கு என்ன இருக்கிறது? சரிவு செங்குத்தாக இருந்தால் போதாதா?

பதில்: சரிவு மிக முக்கியம்தான். ஆனால் எவ்வளவு செங்குத்தான சரிவாக இருந்தாலும், ஒரு கட்டத்துக்கு மேல் வண்டியின் வேகம் கூடாது. புவியீர்ப்பு இழுக்கும் விசையும், காற்றும் பனியும் சேர்ந்து தடுக்கும் விசையும் சமமாகிவிடும் கட்டம் அது. பனியின் உராய்வு வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. காற்றின் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை 134-க்குக் கொண்டுபோக வேண்டுமானால், காற்று முன்னைப் போல் 1.8 மடங்கு விசையோடு எதிர்க்கும். ஆகவே, கய் மார்ட்டினுக்காக வண்டியை உருவாக்கிய ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழக விளையாட்டுப் பொறியாளர்களைப் போல இந்த வேலையில் இறங்கும் எவரும் முதலில் மல்லுக்கு நிற்க வேண்டியது காற்றோடுதான்.

ஸ்கீ எனப்படும் நீண்ட பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் அணிந்து அதிவேகமாகச் சறுக்கும் வீரர்களைப் பார்த்தாலே இது விளங்கும். பிரான்சின் வார்ஸ் மலைச் சரிவில் 2023-இல் சிமோன் பில்லி மணிக்கு 255.5 கி.மீ. வேகத்தை எட்டினார். உடலோடு ஒட்டிய வழவழப்பான உடை, தோள்வரை இறங்கும் நீண்ட தலைக்கவசம், கெண்டைக்கால்களுக்குப் பின்னால் மீன்துடுப்பு போன்ற கூர்முனை மறைப்பு ஆகிய எல்லாமே காற்று பிசிறில்லாமல் பின்னால் மூடிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. காற்று முட்டும் முன்பக்கத்தைக் காட்டிலும், அது சுழன்று பிய்ந்து போகும் பின்பக்கத்தில்தான் இழப்பு அதிகம் என்பதால், வண்டியின் வாலுக்கு மூக்கைவிட அதிகக் கவனம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பனி. ஒரு ஐஸ் கட்டியை விரலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். உலர்ந்த கட்டி முதலில் விரலைப் பிடித்து இழுக்கும், மேற்பரப்பு சற்று ஈரமானதும் வழுக்கி ஓடும். ஓடும் சறுக்குப் பட்டைக்கு அடியில் நடப்பதும் இதுதான். உராய்வின் வெப்பத்தில் பனி உருகி உண்டாகும் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல்தான் வண்டி வழுக்குகிறது என்று 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். எஃகு வெப்பத்தைச் சட்டென்று கடத்தி வெளியேற்றிவிடும். பாலிஎத்திலீன் பட்டை அதை அடியிலேயே தேக்கிவைக்கும். எனவே குளிர்ந்த பனியில் பிளாஸ்டிக் அடிப்பரப்பே சாதகம். ஆனால் நீர் மிகுந்துபோனால் அதுவே பட்டையைக் கவ்விப் பிடிக்கும் என்பதால், அன்றைய பனியின் வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகைத் தேர்ந்து தடவ வேண்டியிருக்கிறது. வெப்பத்தின் பலன் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு பழைய செய்தி சான்று: 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில், சிறு சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்தபடி ஓட்டும் லூஜ் போட்டியில், கிழக்கு ஜெர்மனி வீராங்கனைகள் மூவர் எஃகுப் பட்டைகளைச் சூடாக்கியதாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள்.

கேள்வி: ஓட்டுபவர் எடை கூடியவராக இருந்தால் வேகம் கூடுமா? எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

பதில்: காற்று இல்லாத இடத்தில் நீங்கள் படித்தது அப்படியே பொருந்தும். பனியின் உராய்வும் எடைக்கு ஏற்பவே கூடுவதால் அங்கும் எடையால் பயன் இல்லை. காற்றின் தடை மட்டும் எடையைப் பார்க்காமல் வடிவத்தைப் பார்க்கிறது. ஆகவே, ஒரே வடிவமுள்ள இரண்டு வண்டிகளில் கனமானதே அதிக உச்ச வேகத்தை எட்டும். எடையைக் கண்டபடி கூட்டினால் பட்டை பனிக்குள் புதைந்து உழத் தொடங்கிவிடும். கனத்துக்கு ஏற்பப் பட்டையின் பரப்பையும் கூட்டியாக வேண்டும்.

கேள்வி: இவ்வளவு வேகத்தில் வண்டியைக் கவிழாமல் ஓட்டி நிறுத்துவது எப்படி?

பதில்: என்னைப் பொறுத்தவரை வடிவமைப்பின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். அம்பின் வாலில் இறகு கட்டுவது ஏன் என்று நினைத்துப் பாருங்கள். காற்று தள்ளும் மையம் வண்டியின் எடை மையத்துக்குப் பின்னால் இருந்தால், வண்டி சற்றே திரும்பினாலும் காற்றே அதை நேராக்கிவிடும். முன்னால் இருந்துவிட்டால் சிறு அசைவும் சுழற்சியாக மாறிவிடும். எடையைத் தாழ்வாக வைப்பதும், பட்டைகளை நீளமாகவும் அகன்ற இடைவெளியிலும் பொருத்துவதும் அதற்கு அடுத்தபடி.

நிறுத்துவதற்கு வரும்போது, ஆளும் வண்டியும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 134 கி.மீ. வேகத்தில் அது சுமக்கும் ஆற்றல், அதே எடையை 71 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இருபது மாடிக் கட்டடத்துக்கும் மேலிருந்து கீழே போட்டதற்குச் சமம். பனியில் கூரிய பற்களை இறக்கிச் சட்டென்று பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும். ஆகையால் இப்படிப்பட்ட ஓட்டங்களுக்குச் சரிவின் முடிவில் தட்டையான நீண்ட பரப்புள்ள இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். மேலிருந்து கூட்டிக்கொண்டுவந்த ஆற்றலைப் பனியும் காற்றும் அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றன.