வாசகர் கேள்வி–பதில்: ஸ்டீயரிங் முன் வரும் தூக்கம்

கேள்வி: நெடுந்தூர லாரி ஓட்டுகிறேன். விடியற்காலையில் கண் சொக்கினால் சன்னலைத் திறப்பேன், பாட்டைச் சத்தமாக வைப்பேன், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வேன். இவை போதாதபோது வேறு என்ன செய்யலாம்?

பதில்: இவை மூன்றும் சில நிமிடங்களுக்கு உசுப்பிவிடுமே தவிர, தூக்கத்தை விரட்டுவதில்லை. உடலின் உட்கடிகாரம் பின்னிரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரையிலும், அதைவிடக் குறைந்த அளவில் பிற்பகலிலும் நம் விழிப்பைத் தாழ்த்திவிடுகிறது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இது மாறாது. அந்த வேளையில் நேரான சாலையும் ஒரே சீரான எஞ்சின் இரைச்சலும் சேர்ந்துகொண்டால், கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கிவிடக்கூடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 3 விநாடிகளில் ஏறத்தாழ 67 மீட்டரைக் கடந்துவிடும். அந்தத் தொலைவு முழுவதும் பிரேக்கை மிதிக்க ஆளில்லை. தூக்கத்தால் நேரும் விபத்துகள் பலவற்றில் டயர் தேய்ந்த தடம்கூடச் சாலையில் காணப்படாததற்குக் காரணம் இதுதான்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குடித்துவிட்டு ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டாத நல்ல ஓட்டுநர்கள் எத்தனையோ பேர், இந்த நிலையில் தயங்காமல் வண்டியை எடுப்பது வேதனை தருகிறது.

கடைசியாக வந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாதிருப்பது, திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிடுவது, வண்டி கோட்டை விட்டு விலகுவது, காரணமின்றி வேகம் கூடிக் குறைவது ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலே, ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று கணக்குப் போடாமல், வண்டிகள் நிற்பதற்கென உள்ள இடத்தில் ஒதுங்கிவிடுங்கள். ஒரு காபி குடித்துவிட்டு, அலாரம் வைத்து 20 நிமிடம் உறங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் வரை ஆகும் என்பதால், நீங்கள் எழும் வேளையில் அது கைகொடுக்கும். எழுந்ததும் இறங்கிச் சற்று நடந்து, மந்தம் முழுதும் தெளிந்த பிறகே வண்டியை எடுங்கள். இதுவும் கொஞ்ச நேரத்துக்கான ஏற்பாடுதான். விட்டுப்போன இரவுத் தூக்கத்தைத் தூங்கித்தான் ஈடுகட்ட முடியும்.

கேள்வி: என் கணவர் டாக்ஸி ஓட்டுநர். இரவில் எட்டு மணி நேரம் உறங்கியும் பகலில் அசந்துபோகிறார். குறட்டை பலமாக இருக்கிறது. இடையில் மூச்சு நின்று திணறுவது போலவும் தெரிகிறது.

பதில்: தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். ஒவ்வொரு தடையின்போதும் மூளை விழித்துக்கொள்வதால், எவ்வளவு நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் நிறைவதில்லை. உறக்கப் பரிசோதனையில் இது உறுதியானால், காற்றழுத்த முகமூடி போன்ற நல்ல சிகிச்சைகள் உள்ளன. அதுவரை அவர் இரவில் ஓட்டாமலும், கண் சொக்கும் நேரங்களில் வண்டியைத் தொடாமலும் இருப்பது நல்லது. சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் தூக்கத்தைத் தரும் என்பதால், தம் தொழிலைச் சொல்லியே மருந்து கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சில பேருந்துகளை இயக்குகிறேன். ஓட்டுநர்களுக்கு ஓய்வு கொடுத்தும் களைப்பு என்கிறார்கள். பணி நேரத்தை எப்படி அமைப்பது?

பதில்: ஓய்வு என்று நீங்கள் எழுதும் நேரத்தில் அவர்கள் உறங்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். வண்டியைக் கழுவுவதும், கணக்கை ஒப்படைப்பதும், வீடு போய்ச் சேருவதும் அந்த நேரத்தைத்தான் தின்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளையும், அன்றாடம் பொதுவாக 11 மணி நேரத் தொடர் ஓய்வும் விதியாக உள்ளன. நீங்களும் அந்த அளவை நோக்கிச் செல்லலாம். பணிமுறையை மாற்றுவதானால் காலையிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இரவுக்குமாக மாற்றுங்கள். எதிர்த்திசையில் மாற்றினால் உடல் ஏற்றுக்கொள்ளச் சிரமப்படும். இரவில் ஓட்டியவருக்குப் பகலில் உறங்க, வெளிச்சமும் சத்தமும் புகாத அறை ஒன்று வேண்டும். ட்ரிப் கணக்கில் மட்டும் கூலி கொடுப்பது ஓட்டுநரைத் தூக்கத்தோடு மல்லுக்கட்ட வைக்கும் என்பதால், அதை மாற்றுவதே நியாயம். வழியில் ஒருவர் அழைத்து, கண் சொக்குவதால் நிறுத்திவிட்டேன் என்று சொன்னால், பயணிகளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். தாமதத்துக்காக அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.