தோட்டத்துப் பத்திரத்தை வைத்து கம்ப்யூட்டர் சீட் வாங்க வேண்டாம் அண்ணா

மே மாதம், சீசன் உச்சத்தில் இருக்கும்போது ஒரு டாக்சி டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மகளின் மேற்படிப்புக்கு வழி கேட்டு என்னைப் பார்க்க வருகிறார் என்றால் அவருக்கு எவ்வளவு கவலை இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிப் பக்கம் வீடு. வருடத்தில் இந்த இரண்டு மாதம்தான் கையில் நாலு காசு நிற்கும். கூடவே மனைவியும் மகளும். பிளாஸ்டிக் கவரில் மார்க் ஷீட். பெண் ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்தவள், கட் ஆஃப் 138.

"மார்க் ஒன்றும் மோசமில்லை, பயப்படாதீங்க" என்று நானும் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். சமவெளியில் ஒரு தனியார் கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டா, கம்ப்யூட்டர் சயின்ஸ், அதுவும் செயற்கை நுண்ணறிவோடு. ஹாஸ்டல் உட்பட நாலு வருடத்துக்கு 11 லட்சம். சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் சித்தப்பா போனிலேயே பேசி முடித்துவிட்டாராம். வெள்ளிக்கிழமைக்குள் 50 ஆயிரம் கட்ட வேண்டும். மீதிக்கு வங்கிக் கடன், அதற்கு ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தின் பத்திரம்.

இதற்குமேல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை. "வெள்ளிக்கிழமை பணம் கட்டாதீங்க அண்ணா" என்றேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே தாளோடு இந்த மாதம் எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்திருப்பீர்கள். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். பிள்ளை படிக்கிற காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இந்த வீட்டில் அந்தப் பெண்தான் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் போச்சு. அதாவது கையில் இருக்கும் சலுகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தோட்டத்தை அடமானம் வைத்து, அந்தப் பெண் ஒரு தடவைகூட வாய் திறந்து கேட்காத படிப்பை வாங்கப் போகிறார்கள். பசுந்தேயிலை விலை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று இந்த மலையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதை நம்பி 11 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்ல என்னால் முடியாது. கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி இதற்குமேல் நான் பேசப்போவதில்லை, அதற்கு வழி சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பெண்ணிடம் திரும்பி, "உனக்கு என்ன கண்ணு பிடிக்கும்?" என்றேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாதான் எடுத்துக் கொடுத்தார்: "இவ கரண்ட் போனா லைன்மேன் பின்னாடியே போயிடுவா சார்."

அப்புறம் அவளே சொன்னாள். அவர்கள் தெருமுனையில் ஒரு லாட்ஜில் மின்சாரக் காருக்கு சார்ஜர் பொருத்தியிருக்கிறார்கள். டூரிஸ்ட் வண்டியைக் கொண்டுவந்து சொருகினால் சிவப்பு விளக்கு எரியும், ஏறாது. மெஷின் மட்டம் என்று லாட்ஜ்காரர் திட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை வந்த ஆள்தான் எர்த் குழியை, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி புதைத்த குழியை, தோண்டிப் பார்த்திருக்கிறார். இரண்டடிக்குக் கீழே பாறை. கம்பி மண்ணுக்குள் போகவே இல்லை, மேலே கொஞ்சம் கரியும் உப்பும் போட்டு மூடியிருக்கிறார்கள். மழை பெய்த வாரம் வேலை செய்தது, காய்ந்ததும் நின்றுவிட்டது. எர்த் சரியில்லை என்று தெரிந்தால் கரண்டை விடாமல் நிறுத்திக்கொள்வதுதான் அந்த மெஷினின் வேலை, அது ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. கீழே ஓடைப் பக்கம் ஈரமண் இருக்கும் இடத்தில் புது எர்த் போட்டு, உலோகப் பட்டையை இழுத்து வந்து இணைத்த பிறகு பச்சை விளக்கு வந்ததாம். இதைச் சொல்லும்போது அவள் கை மேஜையில் படம் போட்டுக்கொண்டே இருந்தது.

"கரண்ட் வண்டியெல்லாம் நம்ம மலைக்கு ஆகாது சார், பாதியில நின்னுடும்" என்றார் அப்பா. உடனே அவள் கல்லூரிக்காரர்கள் கொடுத்த அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டாள். வண்டி எடை 1,500 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,900 மீட்டர். ஈர்ப்பு 9.8. பெருக்கினால் 2 கோடியே 79 லட்சம் ஜூல் வருகிறது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்தால் எட்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சமதளத்தில் அந்த ஐம்பது கிலோமீட்டர் ஓடவே ஏழெட்டு யூனிட் ஆகும். ஆக, மலை ஏற இரண்டும் சேர்த்து பதினைந்து, பதினாறு யூனிட். 40 யூனிட் பேட்டரி வைத்த வண்டி தாராளமாக ஏறும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பங்கைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் ஊட்டியில் முழுசாக சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால் திரும்பி வரும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது, பாரமெல்லாம் பிரேக்கில் விழும், அதனால் மலை மேலே 85 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது என்று நான் சேர்த்துச் சொன்னேன். இருபது வருடம் பர்லியார் வளைவுகளில் செகண்ட் கியரில் இறங்கிய மனிதர், மகள் போட்ட கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மின்சார வண்டி என்றதும் எல்லோரும் வண்டி செய்யும் கம்பெனியைப் பார்க்கிறார்கள், ஓசூர், கிருஷ்ணகிரி என்கிறார்கள். அந்த வண்டிக்குப் பின்னால் போகும் ஒயரை யாரும் பார்ப்பதில்லை. வண்டியை ஒரே நாளில் வாங்கிவிடலாம். அது நிற்கும் இடத்துக்குத் தேவையான கரண்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மின் பகிர்மானத்தின் வேலை, அதற்கு ஆள் வேண்டும், அதுவும் நம் மாதிரி மலையைத் தெரிந்த ஆள்.

2025 சீசனுக்கு நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அந்த 8,000-இல் பத்தில் ஒன்று மின்சார வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 வண்டியும் சாயங்காலம் ஏழு மணிக்கு லாட்ஜுக்கு வந்து, ஆளுக்கு 7 கிலோவாட் சார்ஜரில் சொருகினால் 5,600 கிலோவாட். அதே ஏழு மணிக்குத்தான் எல்லா அறையிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும். எந்தத் தெருவில் டிரான்ஸ்பார்மரை மாற்றுவது, தெருவுக்குக் கரண்ட் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் எதில் பாரம் கூடிவிட்டது, யாரை ராத்திரி பன்னிரண்டுக்குமேல் சார்ஜ் போடச் சொல்வது, எங்கே கீழேயே, மேட்டுப்பாளையத்திலேயே சார்ஜர் வைத்தால் மேலே பாரம் குறையும் என்றெல்லாம் கணக்குப் போட ஒருவர் வேண்டுமே. ஆளைச் சாயங்காலத்திலிருந்து பகலுக்கு இழுக்க விலையும் ஒரு கருவி. 2024-இல் வந்த மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதலில், பொது சார்ஜிங் நிலையத்துக்குத் தரும் மின்சாரம் காலை 9 முதல் மாலை 4 வரை, வெயிலில் கிடைக்கும் மின்சாரம் ஏராளமாக இருக்கும் நேரத்தில், மின்சாரம் வழங்க ஆகும் சராசரி செலவில் 0.7 மடங்குக்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்குக்கும் என்று இருக்கிறது. 1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த மலை இது. இப்போது குந்தாவில் மிஞ்சுகிற மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு எடுக்கும் 500 மெகாவாட் திட்டத்துக்கு வேலை நடக்கிறது. மலைக்கு மின்சாரம் புதிதில்லை, அதைத் தெருவரை கொண்டுவரும் வேலைதான் புதிய வடிவம் எடுக்கிறது.

தனியாரிலும் இடம் உண்டு. சார்ஜிங் நிலையம் நடத்துவது கரண்ட் விற்பது ஆகாது, அது ஒரு சேவை, லைசென்ஸ் தேவையில்லை என்று 2018-லேயே மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டது. அதனால் லாட்ஜ்காரர், டீக்கடைக்காரர் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் மின்வாரியத்தில் விண்ணப்பம், லோடு கணக்கு, எர்த், பாதுகாப்பு என்று ஒரு தகுதிச் சான்றிதழ் உள்ள ஆளைத் தேடித்தான் ஆக வேண்டும். மின்சார வண்டிக்கென்று தனி இணைப்பு கேட்கும் உரிமையை 2024-இல் திருத்திய மின் நுகர்வோர் விதி தந்திருக்கிறது. அதே விதி புது இணைப்புக்குப் பெருநகரில் 3 நாள், நகராட்சிப் பகுதியில் 7, கிராமத்தில் 15 என்று சொல்லிவிட்டு, மலைக் கிராமத்துக்கு மட்டும் 30 நாள் என்று விட்டுவைத்திருக்கிறது. பாறையில் குழி தோண்டி, சரிவில் போஸ்டைத் தோளில் தூக்கிப் போகிற ஊர் என்பதற்காகத்தான் அந்த முப்பது. அந்த நாட்களைக் குறைக்கத் தெரிந்த ஆளுக்கு இந்த ஊரில் வேலை இல்லாமல் போகாது.

எந்த வழியில் போவது? கலந்தாய்வில் எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸை முதலில் போடுங்கள். 138-க்கு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி கிடைக்காது, அதை மனதில் வைத்துக்கொண்டு, முதல் பட்டதாரி சலுகையோடு வருகிற நல்ல லேப் உள்ள கல்லூரியாகப் பாருங்கள். அது சரிப்படவில்லை என்றால் டிப்ளமோவுக்குப் போங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. ப்ளஸ் டூவில் கணக்கு, அறிவியல் எடுத்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டே வருடம். அரசு பாலிடெக்னிக் என்றால் வருடக் கட்டணம் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், இவள் அப்படித்தான் படித்திருக்கிறாள். டிப்ளமோ முடித்ததும் தொழில் பழகுநராக ஒரு வருடம் உதவித்தொகையோடு வேலை கற்கலாம், இல்லை பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மொத்தம் ஐந்து வருடம் ஆகும், ஒரு வருடம் கூடுதல், ஆனால் நடுவில் எந்த இடத்தில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். ஊட்டி அரசு பாலிடெக்னிக்கிலும் கோவையிலும் எதில் இந்தப் பிரிவுக்கு இரண்டாம் ஆண்டு இடம் இருக்கிறது என்று நேரிலேயே போய்க் கேளுங்கள். மின்வாரிய வேலை கிடைத்தால்தான் ஆச்சு என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தத் தேர்வு எப்போது வருமோ அப்போது எழுதட்டும், அதற்காகக் காத்திருந்து வயதைக் கரைக்கக் கூடாது.

அன்று ராத்திரி சித்தப்பா போன் செய்தார். "பெண் பிள்ளையை போஸ்ட் ஏறச் சொல்றீங்களா சார்?" அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பகிர்மானத்தில் லோடு கணக்கு, வடிவமைப்பு, மீட்டர் சோதனை, நிலத்தடி கேபிள் என்று எத்தனையோ பிரிவு இருக்கிறது. அவளுக்கு போஸ்ட் ஏறத்தான் பிடிக்கிறது என்றால் ஏறட்டும், அதில் நீங்களோ நானோ சொல்ல என்ன இருக்கிறது? 11 லட்சத்தை அடைக்கப் போவது நீங்கள் இல்லை. படிக்கப் போவதும் நீங்கள் இல்லை. அவர் கொஞ்சம் கோபமாகத்தான் போனை வைத்தார், பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை பணம் கட்டவில்லை என்று அப்பா சொன்னார். இன்னும் முழு மனசாக ஒத்துக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன் என்றார், யோசிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள், அவர்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகை. 63 கேவிஏ, அதாவது மொத்தமாக அது தாங்கும் பாரமே ஏறத்தாழ 60 கிலோவாட்தான். லாட்ஜ்காரர் அடுத்து 60 கிலோவாட் விரைவு சார்ஜர் போடப் போகிறாராம், தெருவில் மற்ற வீடுகளுக்கு என்ன மிஞ்சும் சார் என்று கேட்டிருந்தாள். முதலில் வீடுகளை எண்ணு, எந்த வீடு எந்த பேஸில் இருக்கிறது என்று உங்கள் லைன்மேன் அண்ணனிடம் கேட்டு எழுதி வை என்றேன். திங்கட்கிழமை காலையில் 41 வீடுகளின் பட்டியல் வந்துவிட்டது.