லீவில் வந்த கணவருடன் தாம்பத்தியம் சரியில்லை, யாரைப் பார்ப்பது?

கேள்வி: கணவர் துபாயிலிருந்து ரெண்டு வருஷம் கழித்து வந்திருக்கிறார். விறைப்பு நிற்பதில்லை, எனக்கும் வலி. லாட்ஜுக்கு வரும் வைத்தியரிடம் போகலாம் என்கிறார். கீழக்கரையில் யாருக்கும் தெரியக்கூடாது.

தங்கச்சி, லாட்ஜ் வைத்தியர் வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கம் நர்ஸாக வேலை பார்த்தவள் சொல்கிறேன். "நரம்புத் தளர்ச்சி" என்று பயமுறுத்தி, பேர் தெரியாத பொடியைக் கொடுப்பார்கள். அப்படி விற்ற பொடிகள் சிலவற்றில் சில்டெனாஃபில் என்ற விறைப்பு மருந்து கலந்திருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் பிரஷர் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

முதலில் பொது மருத்துவர். சர்க்கரை, பிரஷர், இதய ரத்தக்குழாய் கோளாறு எல்லாம் சிலருக்கு இப்படித்தான் முதலில் தலைகாட்டும். அதனால் வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு பார்ப்பார்கள். தேவைப்பட்டால் காலையில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும். தூங்கி எழும்போது தானாக விறைப்பு வருகிறதா என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். வருகிறதென்றால் காரணம் பெரும்பாலும் மனசுதான். ரெண்டு வருஷ ஏக்கத்தையும் இந்தக் கொஞ்ச நாளில் தீர்க்க வேண்டும், இடையில் "விசேஷம் உண்டா?" என்று வீட்டார் வேறு கேட்பார்கள். எந்த ஆம்பளைக்கும் பதற்றம் வரும், பாவம். அதற்கு மனநல மருத்துவரிடம் ரெண்டு பேருமே போங்கள். சில வாரம் உறவுக்கே முயற்சி செய்யாமல், தொடுவதும் பேசுவதுமாக மட்டும் இருக்கச் சொல்வார்கள். பயம் விலக அது நிஜமாகவே உதவும்.

உங்கள் வலியைச் சாதாரணமாக விடாதீர்கள். வறட்சி, தொற்று, பயத்தில் தசை இறுகுவது, இன்னும் சில காரணங்களும் உண்டு. பலதுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம், பெண் டாக்டர்தான் வேண்டும் என்றே கேளுங்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தப் பிரிவுகள் உண்டு. சீட்டு வாங்கும் இடத்தில் விவரம் சொல்ல வேண்டாம், உள்ளே போய் "தனியாகப் பேசணும்" என்றால் போதும். தெரிந்த முகம் வருமோ என்று பயமாக இருந்தால் மதுரைக்குப் போய்விடுங்கள். அதற்கு முன் மனம்விட்டுப் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; இலவசம், தமிழிலேயே பேசலாம்.

லீவு முடியும் நேரத்துக்குத் தள்ளிப் போடாமல் இந்த வாரமே போங்கள். ரிசல்ட் வந்து, மருந்து கொடுத்து, ஒத்துவராவிட்டால் மாற்றிப் பார்க்க டாக்டருக்கும் நாள் வேண்டும்.