ஹாஸ்கலில் 66 பைட்டை 38 ஆக்குவது எப்படி?

கேள்வி: இரட்டை எண் என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, 1 வர எத்தனை படி? இந்தக் கொலாட்ஸ் கணக்குக்கு, மிகக் குறைந்த பைட்டில் நிரல் எழுதும் போட்டிக்காக, ஹாஸ்கல் என்ற நிரல் மொழியில் இஃப், தென், எல்ஸ் போட்டு ஒரு ஃபங்க்ஷன் எழுதினேன். பெயர்களை எல்லாம் ஓரெழுத்தாக்கியும் 66 பைட்டில் நிற்கிறது. இனி எங்கே வெட்டுவது?

பதில்: பெயரைச் சுருக்குவது முதல் பத்து நிமிட வேலை, அதை முடித்துவிட்டீர்கள். இனி ஒரே துண்டு எங்கெல்லாம் இரண்டு முறை வருகிறது என்று பாருங்கள். பெரிய லாபம் அங்கேதான்.

கீழே உள்ள நிரல்களில் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறோம். ஃபைலில் ஆங்கிலத்திலேயே அடியுங்கள். யூடிஎஃப்-8 குறியீட்டு முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது 3 பைட் பிடிக்கும். எண்ணிக்கை எல்லாம் ஆங்கில வடிவத்துக்குத்தான்.

முதலில் இஃப், தென், எல்ஸ் மூன்றையும் தூக்கிவிட்டு பேட்டர்னும் (குறிப்பிட்ட மதிப்புக்குத் தனி வரி) கார்டும் (| குறிக்குப் பின் வரும் நிபந்தனை) போடுங்கள்:

ச 1=0
ச ந|ஈவன் ந=1+ச(டிவ் ந 2)|1>0=1+ச(3*ந+1)

இது 44 பைட். கடைசிக் கார்டில் அதர்வைஸ் என்று எழுதினால் 9 பைட், 1>0 என்றால் 3. வரிசை முக்கியம்: 1-க்கான வரி மேலே இல்லாவிட்டால் நிரல் 1, 4, 2, 1 என்று நிற்காமல் சுற்றும்.

இப்போது பாருங்கள், 1+ச( என்பது இரண்டு முறை இருக்கிறது. இரண்டு விடைகளையும் ஒரு லிஸ்டில் போட்டு, எதை எடுப்பது என்பதை 2-ஆல் வகுத்த மீதியிடம் விட்டுவிடலாம் (!! என்பது லிஸ்டில் 0-விலிருந்து எண்ணி, கேட்ட இடத்தில் இருப்பதை எடுக்கும் குறி):

ச ந=1+ச([டிவ் ந 2,3*ந+1]!!மாட் ந 2)

முதல் வரியோடு சேர்த்து 39. மாட் ந 2 என்பதையும் நீக்க, லிஸ்டை முடிவில்லாமல் சுழல விடுங்கள்:

ச ந=1+ச(சைக்கிள்[டிவ் ந 2,3*ந+1]!!ந)

38 பைட். ஆனால் இந்த ஒரு பைட்டுக்கு விலை உண்டு. !! லிஸ்டின் தலையிலிருந்து ஒவ்வொன்றாக நடந்துதான் போகும். 27 போட்டால் 111 படி, உச்சம் 9232. கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும். 837799 போட்டால் 524 படிதான், ஆனால் வழியில் எண் 297 கோடியைத் தாண்டும். அத்தனை அடியும் நடந்தாக வேண்டும். நேர வரம்பு இருக்கிற போட்டியில் 39-ஓடு நிற்பதே புத்திசாலித்தனம். இன்னொன்று, !! வந்த உடனே ந, அளவு வரம்புள்ள முழு எண்ணான இன்ட் வகையாகிவிடும். 64 பிட்டில் அடங்காத எண்களைச் சோதிப்பார்கள் என்றால் 44 பைட் கார்டு வடிவம்தான் சரி.

அடைப்புக்குறிக்குப் பதில் டாலர் போட்டு ஒரு பைட் மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். இங்கே முடியாது. டாலருக்கு முன்னுரிமை எல்லாவற்றையும்விடக் குறைவு. 1+ச$… என்பதை (1+ச)$… என்று படித்து டைப் பிழை காட்டும்.

முழு நிரலாகக் கேட்டால் இன்டராக்ட், ஷோ, ரீட் என்று கோப்பதைவிட இது 4 பைட் குறைவு, 21தான்:

மெயின்=ரீட்எல்என்>>=பிரின்ட்.ச

உள்ளீடு பல வரியாக இருந்தால் மட்டும் இன்டராக்ட் பக்கம் போங்கள்.

அடுத்த புதிர்களுக்கும் சில. இரண்டு ஆர்கியூமென்ட் உள்ள ஃபங்க்ஷனுக்குப் பெயரே வைக்காதீர்கள், குறியாகவே வரையறுங்கள்: ச அ இ என்பது அ#இ ஆகும், ஒவ்வொரு இடத்திலும் 2 பைட் லாபம். வரையறுத்த குறிக்கு முன்னுரிமை 9 என்பதால் அ#இ-1 என்றால் (அ#இ)-1 என்று பொருள். அ#டிவ் இ 2 என்பதற்கோ அடைப்பே வேண்டாம். மேப் இருக்கும் இடத்தில் <$>, கான்கேட்மேப் இருக்கும் இடத்தில் =<< போடுங்கள். நிபந்தனைக்கு உட்பட்டவற்றை எண்ண லெங்த், ஃபில்டர் வேண்டாம், சம்[1|அ<-இ,அ>9] போதும். லெங்த் இன்ட் மட்டுமே தரும், சம் எந்த எண் வகைக்கும் பொருந்தும். அதனால் 12 எழுத்து ஃப்ரம்இன்டெக்ரலும் தப்பிக்கிறது.

ஆர்கியூமென்ட்டை விட்டுவிட்டு ச=சம் என்பதுபோல் எழுதினால், அடித்த உடனே ஓட்டிப் பார்க்கும் ஜிஹெச்சிஐயில் ஓடும், கம்பைல் செய்தால் சில சமயம் டைப் பிழை வரும். இப்படிப்பட்ட வரையறையை ஒரே வகைக்குக் கட்டிப்போடும் மோனோமார்ஃபிசம் ரெஸ்ட்ரிக்ஷன் என்ற விதி ஜிஹெச்சிஐயில் அணைந்திருக்கிறது, கம்பைலரில் இல்லை. ஆர்கியூமென்ட்டைத் திரும்பப் போட்டால் சரியாகும், 4 பைட் கூடும். ஆகவே அனுப்புமுன் கட்டாயம் கம்பைல் செய்து பாருங்கள்.

எண்ணும்போது, விண்டோஸ் முறையில் சேமித்த ஃபைலில் வரி முறிவு ஒவ்வொன்றும் 2 பைட். யூனிக்ஸ் முறைக்கு மாற்றுங்கள். கடைசி வரிக்குப் பின் எடிட்டர் தானாகச் சேர்க்கும் முறிவையும் நீக்கிவிடுங்கள்.