எண்ணெயும் தண்ணீரும்: நடுவில் நிற்கும் லெசித்தின்

கேள்வி: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மயோனைஸில் பெரும்பங்கு எண்ணெய்தான், மீதி வினிகரும் முட்டையும் என்கிறார்கள். அது எப்படிப் பிரியாமல் நிற்கிறது? முட்டையில் இருக்கும் லெசித்தின் இரண்டையும் கலந்துவிடுகிறது என்று படித்தேன், உண்மையா?

பாதி உண்மை. 'கலந்துவிடுகிறது' என்கிற சொல்லோடுதான் எனக்குத் தகராறு. சர்க்கரை தண்ணீரில் கரைவது போல எண்ணெய் அங்கே கரையவே இல்லை, கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாக உள்ளே அடைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துளிகள் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காவல் நிற்பதுதான் லெசித்தினின் வேலை. இப்படி ஒன்றுக்குள் ஒன்று துளியாக நிற்கும் கலவைக்குப் பால்மம் என்று பெயர், காவல் நிற்பது பால்மமாக்கி.

சரி, ஏன் பிரிகிறது? எண்ணெய்க்குத் தண்ணீரைப் பிடிக்காது என்று சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன், ஆனால் பழியை எண்ணெய் மேல் போடுவது அநியாயம். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர் மின்னூட்டமும் ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர் மின்னூட்டமும் இருப்பதால் அவை ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். எண்ணெயின் நீண்ட கார்பன் வால்களில் அப்படிப் பிடிப்பதற்கு எதுவும் கிடையாது. அது நடுவே புகுந்தால் தண்ணீர் மூலக்கூறுகள் கைகளை விட்டுவிடாமல் அதைச் சுற்றி வளைந்து நெளிந்து நிற்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் முழுதும் ஒரே இடத்தில் கிடந்தால் அந்தத் தொல்லை குறைச்சல், அதனால் தண்ணீர் அதை ஒதுக்கிவிடுகிறது. லிட்டருக்குச் சுமார் 920 கிராம்தான் எடை என்பதால் ஒதுங்கிய எண்ணெய் மேலே ஏறி நிற்கிறது.

இப்போது கையால் அடித்துக் கலக்குகிறீர்கள் என்று வையுங்கள். 1 மில்லி எண்ணெய் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு 5 சதுர சென்டிமீட்டர்கூட வராது. அதையே 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறுக்களவுள்ள துளிகளாக உடைத்தால் மொத்த மேற்பரப்பு 6 சதுர மீட்டர், அதாவது ஒரு சின்ன அறையின் தரை அளவு! ஒரு கால் டீஸ்பூன் எண்ணெயில் இவ்வளவு எல்லைக்கோடு. அத்தனை இடத்திலும் எண்ணெயும் தண்ணீரும் முகத்தோடு முகம் உரசிக்கொண்டு நிற்க, கை ஓய்ந்ததும் துளிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகிப் பிரிந்துவிடுகின்றன.

இங்கேதான் லெசித்தின் வருகிறது. இதன் மூலக்கூறுக்கு நடுவில் கிளிசரால், ஒரு பக்கம் இரண்டு கொழுப்பு அமில வால்கள், இன்னொரு பக்கம் பாஸ்பேட்டும் கோலினும் சேர்ந்த தலை. வால்கள் எண்ணெய்க்குள் போய்ச் சொருகிக்கொள்ளும், தலை தண்ணீரில் நிற்கும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆளைத் திட்டுவோமே, இதற்கு அதுதான் உத்தியோகமே. துளியைச் சுற்றி இப்படி வரிசையாக நின்றுவிட்டால் வெளியே இருக்கும் தண்ணீருக்குத் தெரிவதெல்லாம் தலைகள் மட்டும்தான், உள்ளே எண்ணெய் இருப்பதே தெரியாது. பக்கத்துத் துளி வந்து மோதினாலும் தோல் இருப்பதால் சுலபத்தில் ஒன்றாகாது.

ஒன்று சொல்ல வேண்டும், மயோனைஸில் எல்லாப் பெருமையையும் லெசித்தினுக்கே கொடுப்பது சரியில்லை. மஞ்சள் கருவில் கொழுப்பும் புரதமும் சேர்ந்த துணுக்குகள் இருக்கின்றன, துளிகளுக்குத் தோல் போர்த்துவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. பெயர் மட்டும் லெசித்தினுக்கு: 1840களில் கோப்ளே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் மஞ்சள் கருவிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார், கிரேக்கத்தில் மஞ்சள் கரு 'லெகிதோஸ்'.

நான் முதன்முதலில் மயோனைஸ் செய்தபோது பொறுமையில்லாமல் எண்ணெயை மளமளவென்று ஊற்றிவிட்டேன், இரண்டே நிமிடத்தில் திரிந்துபோய் மஞ்சள் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. முட்டை மேல் பழி போட்டேன், தப்பு என்னுடையது. எண்ணெய் உடைகிற வேகத்தைவிட வந்து விழுகிற வேகம் அதிகமானால், தோல் போர்த்துவதற்கு முன்பே துளிகள் சேர்ந்துவிடும். திரிந்ததைக் கொட்ட வேண்டாம். வேறு பாத்திரத்தில் புதிதாக ஒரு மஞ்சள் கருவை எடுத்துக்கொண்டு, அதில் திரிந்ததைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் மீண்டுவிடும். அடிக்க அடிக்க மஞ்சள் வெளுத்து, கரண்டி கனத்து, அது போன தடம் அப்படியே நிற்க ஆரம்பித்ததும் இனிக் கொஞ்சம் தைரியமாக ஊற்றலாம்.

கேள்வி: பால் வெள்ளையாக இருப்பதும் இதனால்தானா?

ஆமாம். கொழுப்புத் துளிகளும் கேசீன் புரதத் துணுக்குகளும் எல்லா நிற ஒளியையும் சிதறடிப்பதால் வெள்ளை. மயோனைஸ் வெளுப்பதும் அப்படித்தான்.

கேள்வி: சாக்லேட்டில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அப்புறம் உறையில் ஏன் சோயா லெசித்தின்?

நல்ல கேள்வி, மடக்கிவிட்டீர்கள். அங்கே தண்ணீரின் இடத்தில் இருப்பது சர்க்கரைத் தூள். கொக்கோ வெண்ணெயில் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று உரசி, உருகிய சாக்லேட் கெட்டியாக நகர மறுக்கும். லெசித்தினின் தலை சர்க்கரையில் ஒட்டிக்கொள்ள, வால் வெளியே கொழுப்பில் நீட்டிக்கொண்டிருப்பதால் துகள்கள் வழுக்கிக்கொண்டு போகும். 0.3 முதல் 0.5 சதவீதம் போதும், விலையுயர்ந்த கொக்கோ வெண்ணெயைக் கணிசமாக மிச்சப்படுத்தலாம். அதற்கு மேல் போட்டால் மறுபடி கெட்டிப்படத் தொடங்கும், ஆகவே அள்ளிப் போடுவதில் லாபமில்லை.

கேள்வி: லெசித்தின் என்றால் முட்டையா? நான் சைவம்.

முட்டையிலிருந்தும் எடுக்கிறார்கள், ஆனால் கடைப் பொருள்களில் பெரும்பாலும் சோயா, அல்லது சூரியகாந்தி. உறையில் எதிலிருந்து என்று போட்டிருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், 322 என்ற உணவுச் சேர்க்கை எண்ணும் இதுதான். சோயா லெசித்தின் கிடைக்கும் விதம்தான் எனக்குப் பிடித்தது. ஆலையில் எடுத்த கச்சா சோயா எண்ணெயைச் சூடாக்கி அதில் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். அதுவரை எண்ணெயில் சாதுவாகக் கரைந்து கிடந்த லெசித்தின் தண்ணீரைக் கண்டதும் அதை உறிஞ்சி உப்பி, பிசினாகி, எண்ணெயை விட்டு வெளியே வந்துவிடும். சுழற்றிப் பிரித்து உலர்த்தினால் சரக்கு தயார்.