கூன் விழுந்த சீப்ரா மீன்

கேள்வி: தொட்டியில் பத்து சீப்ரா மீன் வளர்க்கிறோம். ஒன்றுக்கு முதுகு வளைந்துவிட்டது. கடைக்காரர் கல்சியம் போதாது என்கிறார். ஏ.எல். படிக்கும் மகளோ, இந்த மீனை வைத்துத்தான் மனிதருடைய எலும்பு நோய்களையே ஆராய்கிறார்கள் என்கிறாள். நம்பலாமா?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

பதில்: மகளை நம்புங்கள். மீன் கல்சியத்தைச் செவுள் வழியே தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அதனால் கடைக்காரர் சொல்வது அவ்வளவு பொருந்தவில்லை.

இந்த மீனின் முட்டையும் குஞ்சும் கண்ணாடி மாதிரி. மூன்றாம் நாளளவில் குஞ்சு வெளியே வந்துவிடும், அப்போதே தாடையில் குருத்தெலும்பு (மகளின் புத்தகத்தில் கசியிழையம்) இருக்கும். இறந்த குஞ்சைச் சாயத்தில் ஊறவைத்து, சதையைக் கரைத்துத் தெளியவைத்தால், குருத்தெலும்பு நீலமாகவும் எலும்பு சிவப்பாகவும் தெரியும். மயிரிழை அளவு எலும்பைக்கூட எண்ணலாம். முதலில் சிவப்பது செவுள்மூடியும் அதன் பின்னால் உள்ள தோள் எலும்பும்தான். இரண்டும் குருத்தெலும்பைத் தொடாமல் நேரே எலும்பாகவே வருபவை.

முள்ளந்தண்டுதான் வேடிக்கை. நமக்கு அது முதலில் குருத்தெலும்பாக வந்து பிறகு எலும்பாகும். இந்த மீனிலோ முதுகுநாணைச் (கருவில் முதுகு நெடுக ஓடும் மெல்லிய, வளையக்கூடிய கம்பி) சுற்றியுள்ள உறையே வளையம் வளையமாக இறுகும், நூலில் மோதிரம் கோத்த மாதிரி.

அப்படி ஒழுங்காக உருவான தண்டும் பிறகு வளையலாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமல் முதுகு வளைகிறதே, அதே மாதிரிதான். மூளையையும் தண்டுவடத்தையும் நனைக்கும் திரவத்தை ஓடவைக்கும் நுண்ணிய பிசிர்கள் பழுதானால் இந்த மீனுக்குக் கூன் விழுகிறது என்று 2016இல் காட்டினார்கள். எலும்பு வளைய, எலும்பிலேயே குறை தேட வேண்டியதில்லை என்பது எனக்கே புதிதாக இருந்தது.

சரி, உங்கள் மீனுக்கு என்ன? பிறவிக் குறையாக இருக்கலாம், பழைய தீனியில் விட்டமின் சி கெட்டுப்போயிருக்கலாம், மீன் காசநோயாகவும் இருக்கலாம். எதற்கும் அதை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள், அந்தக் காசநோயின் கிருமி நம் தோலிலும் புண் வைக்கும்.

கேள்வி: சீப்ரா மீனுக்குப் பல் உண்டா?
(ஒரு மாணவர், தெஹிவளை)

பதில்: உண்டு, ஆனால் வாயில் தேடாதீர்கள். தொண்டைக்குள் இருக்கிறது. விழ விழ ஆயுள் முழுக்க முளைக்கும்.